எட்டு மீட்டர்

அந்த எண்ணை மாற்றியது தங்கமாரிதான். எட்டு என்று இருந்ததைப் பூஜ்யமாக்கினாள். லேப்டாப்பில் இரண்டு விசைகளைத் தட்ட வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அப்போது காலை ஒன்பது மணி நாற்பத்திரண்டு நிமிடம் என்பது பிறகு பதிவைப் பார்த்துத்தான் அவளுக்குத் தெரிந்தது. தைல மரத்தோப்பின் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த நான்கு விருந்தாளிகளும் பொறுமை இழந்துகொண்டிருந்தார்கள் என்பது மட்டும் அந்த நேரத்தில் தெரிந்தது.

தங்கமாரிக்குச் சங்கரன்கோவில் பக்கம். டிப்ளமோ முடித்ததும் சுங்குவார்சத்திரத்துக்கு வந்து, போன் கம்பெனி ஒன்றில் டெஸ்டிங் லைனில் மூன்று வருஷம் நின்றாள். அதன் பிறகு ராமன் சாரின் கம்பெனியில் சேர்ந்தாள். ஒரகடத்தில் மெயின் ரோட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட். மொத்தம் பதினொரு பேர். அவர்கள் செய்தது ஒரே ஒரு பொருள்: நான்கு விசிறி வைத்த, இரண்டரைக் கிலோ எடையுள்ள ஆளில்லா விமானம். அதை யாரும் அப்படிச் சொல்வதில்லை. மெஷின் என்பார்கள்.

ஹைடென்ஷன் மின்கம்பிகள் போகும் வழியில் டவர் டவராகத் தானே பறந்து, படம் எடுத்துக்கொண்டு திரும்பி வருவதுதான் அந்த மெஷினின் வேலை. இயக்குபவரின் கண்ணுக்கு எட்டாத தூரத்துக்கும் போகும். எல்லாப் பெருமையும் அதில்தான் இருந்தது, எல்லாச் சிக்கலும் அதில்தான் இருந்தது. கண்ணெதிரே பறக்கும்போது குறுக்கே ஒரு மரம் வந்தால் இயக்குபவர் பார்த்துத் திருப்பிவிடலாம். கண்ணுக்கு மறைந்த பிறகு யார் பார்ப்பது? அதற்காக மெஷினின் முகப்பில் நிலக்கடலை அளவில் இரண்டு கேமராக்களை ஒரு சாண் இடைவெளியில் வைத்திருந்தார்கள். மனிதனின் இரண்டு கண்களைப் போல இரண்டு படங்களையும் ஒப்பிட்டுப் பார்த்து, எதிரே இருப்பது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அது கணக்கிடும். போகும் பாதையில் நேர் எதிரே எட்டு மீட்டருக்குள் எது வந்தாலும் காற்றிலேயே நின்றுவிடும். பிறகு விலகிப் போகும். விலக வழியில்லையென்றால் கிளம்பின இடத்துக்கே திரும்பி வரும்.

புரோகிராம் எழுதியது வேறு ஆட்கள். ஒன்றரை வருஷமாகத் தினமும் அதைச் சோதித்துப் பார்த்தது தங்கமாரி. மூங்கிலில் சேலை கட்டி நிறுத்திப் பார்த்தாள். கயிற்றில் சிமென்ட் சாக்கைத் தொங்கவிட்டுப் பார்த்தாள். கடைசியில் தலையில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு அவளே அதன் வழியில் போய் நின்றாள். இரைந்துகொண்டு நேராக முகத்தை நோக்கி வரும். எட்டு மீட்டரில் பிடித்து நிறுத்தியதுபோல நிற்கும். நாற்பது தடவையாவது நின்றிருப்பாள். முதல் இரண்டு தடவை கண்ணை மூடிக்கொண்டாள். அப்புறம் மூடவில்லை.

ரிமோட்டைப் பிடிப்பவன் பிச்சையா. விளாத்திகுளத்துக்காரன், அவளைவிட மூன்று வயது மூத்தவன். அண்ணே என்று கூப்பிடுவாள். பேச்சு குறைவு, வேலையில் சுத்தம். அந்த 2014 மாசி மாதத்து டெமோவுக்கு முதல் நாள் அவன் ராமன் சாரிடம் ஒன்று கேட்டான். இரண்டாவது டவருக்கு அப்புறம் தோப்பு மறைத்துவிடுகிறது, மூன்றாவது டவரடியில் போனோடு ஓர் ஆளை நிறுத்தலாமா என்று. ராமன் சார் கோபப்படவில்லை. ஆளே வேண்டாம் என்று காட்டத்தானே அவர்களைக் கூப்பிட்டிருக்கிறோம், அங்கேயும் ஓர் ஆளை நிறுத்தினால் நாம் எதை விற்கிறோம் என்றார். அந்த விருந்தாளிகள் மின்கம்பித் தடங்களைப் பராமரிக்கும் ஒரு வடநாட்டுக் கம்பெனிக்காரர்கள். அவர்கள் சரி சொன்னால் பதினொரு பேருக்கும் இரண்டு வருஷத்துக்கு வேலை உண்டு.

பிச்சையா தன் திருப்திக்காக அந்த லைனைப் பார்த்துக்கொள்ளும் ஆபீசுக்கும் போன் பண்ணினான். டவர்களுக்குப் பெயின்ட் அடிக்கும் வேலை நேற்றே முடிந்துவிட்டது, ஆட்கள் போய்விட்டார்கள் என்று சொன்னார்கள்.

அந்தப் பெயின்ட்தான் காலையில் வினையாக வந்தது. புது அலுமினியப் பெயின்ட். சாய்வான வெயிலில் முதல் டவர் கண்ணாடிபோல மின்னியது. அந்த மினுக்கத்தில் கேமராக்கள் தடுமாறின. முகத்துக்கு நேரே ஏதோ இருக்கிறது என்று மெஷின் நின்றது, திரும்பி வந்தது. இன்னொரு தடவை அனுப்பினார்கள். மறுபடியும் திரும்பி வந்தது. விருந்தாளிகளில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு இந்தியில் ஏதோ சொன்னார். மற்றவர்கள் சிரித்தார்கள்.

ராமன் சார் தங்கமாரியின் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"இன்னொரு தடவை நிக்கக் கூடாது, தங்கமாரி. என்ன செய்வியோ தெரியாது."

பத்து மணிக்கு மேல் வெயில் ஏறிவிட்டால் மினுக்கம் குறையும் என்று அவள் சொல்லியிருக்கலாம். அரை மணி நேரம் பொறுக்கச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒன்றரை வருஷ உழைப்பை அந்த நால்வரும் பார்த்துச் சிரித்தது அவளுக்குத் தாங்கவில்லை. இந்த ஒரு தடவைதானே, திரும்பி வந்ததும் பழையபடி வைத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டு எட்டைப் பூஜ்யமாக்கினாள். பத்தடி தள்ளி ரிமோட்டோடு நின்ற பிச்சையாவிடம்கூட அவள் சொல்லவில்லை. சொன்னால் அவன் பறக்கவிட மாட்டான் என்று தெரியும்.

மெஷின் கிளம்பியது. முதல் டவரைத் தாண்டியது, இரண்டாவதைத் தாண்டியது, தோப்புக்குப் பின்னால் மறைந்தது. விருந்தாளிகள் எழுந்து வந்து லேப்டாப்பைச் சுற்றி நின்றார்கள். மூன்றாவது டவர் திரையில் பெரிதாகிக்கொண்டே வந்தது. நாற்பது அடி உயரத்தில், டவரின் பக்கவாட்டில், மூன்று மீட்டர் தள்ளிப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. இரண்டு மூன்று மீட்டர் அங்கே இங்கே விலகுவது அந்த மெஷினுக்கு அன்றாடம் நடப்பது. அதைச் சமாளிக்கத்தான் கேமராக்களே. அன்றைக்கு அது டவரை ஒட்டிப் போய்விட்டது.

திரையில் ஒரு சிவப்புச் சட்டை தெரிந்தது. இடுப்பு பெல்ட்டில் சாய்ந்துகொண்டு ஓர் ஆள் கையில் பிரஷ்ஷோடு இருந்தார். சத்தம் கேட்டுத் திரும்பினார். அந்த முகத்தைத் தங்கமாரி முழுதாகப் பார்த்தாள். மீசையில் வெள்ளிப் பெயின்ட் தெறித்திருந்தது. அடுத்த கணம் திரையில் வானம் சுழன்றது, பிறகு ஒன்றும் இல்லை.

பிச்சையாவும் அவளும் பைக்கில் போய்ச் சேர்ந்தபோது அவருடன் வந்த ஆள் அவரைக் கயிறு கட்டி இறக்கிக்கொண்டிருந்தார். இடது கண்ணைப் பொத்தியிருந்த கையின் விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது. பெல்ட் இருந்ததால் விழவில்லை. கீழே பெயின்ட் டப்பா கவிழ்ந்து புல் முழுக்க வெள்ளியாகக் கிடந்தது. அவர் பெயர் கோபால், வல்லம் வடகால்காரர், பதினாறு வருஷமாக டவர் பெயின்ட் அடிப்பவர் என்பதெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் தெரிந்தது. மூன்றாவது டவரில் ஒரு கை நீளத்துக்குப் பெயின்ட் விட்டுப்போயிருந்ததாம். அதை முடித்துவிட்டுப் போகலாம் என்று அன்று காலை வந்தார்களாம்.

கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை.

மெஷின் ஏன் நிற்கவில்லை என்று கேள்வி வந்தது. பறந்ததன் பதிவு முழுக்க உள்ளே ஒரு சின்ன கார்டில் இருக்கும். அதைப் படித்துச் சொல்வது தங்கமாரியின் வேலை. கதவைச் சாத்திக்கொண்டு படித்தாள். 9:42, எட்டு, பூஜ்யம். எல்லாம் இருந்தது. வெளியே வந்து, கார்டு உடைந்துவிட்டது, ஒன்றும் எடுக்க முடியவில்லை என்று ராமன் சாரிடம் சொன்னாள். அவர் அவளைச் சிறிது நேரம் பார்த்தார். சரி என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரிமோட்டிலும் ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. அதைத் தள்ளினாலும் தடை பார்க்கும் வேலை நின்றுவிடும். கட்டைவிரலுக்கு அருகிலேயே இருக்கும். பதிவு இல்லாததால் அந்த சுவிட்ச் மேல் பழி விழுந்தது. இயக்கியவரின் கவனக்குறைவு என்று எழுதினார்கள். பிச்சையா மேல் கேஸ் ஆனது, வேலையும் போனது. முதலில் இரண்டு நாள் அவன் மறுத்தான். சுவிட்சைத் தொடவே இல்லை என்றான். மூன்றாம் நாள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போக வந்தபோது, ஷெட்டுக்கு வெளியே தங்கமாரியிடம் தணிந்த குரலில் சொன்னான்:

"எங் கைதான் பட்டிருக்கும் போல, தங்கம். எனக்குத் தெரியாமலே பட்டிருக்கும். வேற எப்படி?"

அவள் டிபன் பாக்ஸை எடுத்துவந்து கொடுத்தாள். அவன் பஸ் ஏறி ஊருக்குப் போய்விட்டான்.

முதல் தடவை கோபாலின் வீட்டுக்கு அவளை அனுப்பியது ராமன் சார். ஆஸ்பத்திரிக் காகிதங்களில் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது, பெண் என்றால் தன்மையாகப் பேசுவாள் என்று நினைத்திருப்பார். அப்புறம் அவளாகவே ஞாயிற்றுக்கிழமைகளில் போனாள். போகாமல் இருக்க முடியவில்லை. போனால் ஏதாவது வேலை செய்தாள். கோபாலின் மகள் நிலா பிளஸ் டூ படித்தாள், அவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். கண்ணுக்கு மருந்து விட்டாள். கோபாலின் மனைவி கிளியம்மாள் ஒரு கம்பெனி கேன்டீனில் காய்கறி நறுக்கப் போகிறவள். கம்பெனியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தது இந்தப் பெண் ஒருத்திதான் என்று தெருவெல்லாம் சொன்னாள். ஹாஸ்டல் சோற்றில் இளைத்துப் போய்விட்டாள் என்று ஏரி மீன் வாங்கிக் குழம்பு வைத்துப் போட்டாள். தங்கமாரி சாப்பிட்டாள். வேண்டாம் என்று சொல்வதற்கும் ஒரு காரணம் வேண்டியிருந்தது, அது அவளிடம் இல்லை.

அறையில் தன்னோடு இருந்த பெண்களிடமும் அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். கார்டைத் தூக்கி எறியவும் இல்லை. துணிப்பெட்டியில், சர்டிபிகேட் வைக்கும் உறைக்குள் போட்டு வைத்திருந்தாள். ஏன் வைத்திருக்கிறோம் என்று அவளுக்கே விளங்கவில்லை.

சித்திரை கடைசியில் ஒரு ஞாயிறு. கோபால் சொம்பிலிருந்து டீயை அவளுக்கு ஊற்றினார். டம்ளர் வாய்க்கு நாலு விரல் முன்னாலேயே ஊற்றிவிட்டார். டீ தரையில் ஓடியது. வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, நிலா துணி கொண்டுவந்து துடைத்தாள். பழக்கப்பட்டுவிட்டது போல. ஒரு கண்ணால் தூரம் தெரியாது என்பது அந்த வீட்டில் எல்லோரையும்விடத் தங்கமாரிக்கு நன்றாகத் தெரியும். ஒரு கேமராவை மூடிவிட்டால் மெஷினுக்கு என்ன ஆகும் என்று அவளே எத்தனையோ நாள் சோதித்திருக்கிறாள்.

கோபால் மறுபடி ஊற்றினார். இந்தத் தடவை டம்ளர் விளிம்பை விரலால் தொட்டுக்கொண்டு ஊற்றினார். பேச்சுவாக்கில் பிச்சையாவைப் பற்றி வந்தது.

"கோவம்லாம் அப்பவே பூட்சிம்மா. அந்தப் புள்ள வேணும்னா செஞ்சான்? கை தவறிட்ச்சி. ஆனா ஒரு தபா வந்து பாத்திருக்கலாம். அதான் மனசுல கீது."

கேஸ் இருப்பதால் போகக் கூடாது என்று வக்கீல் சொல்லியிருந்ததும், அதற்கு மேல் வெட்கம் தின்றதும்தான் பிச்சையா வராததற்குக் காரணம். அது தங்கமாரிக்குத் தெரியும். அவனை இவர்கள் மன்னித்துவிட்டார்கள், அவன் செய்யாததற்கு. அதைக் கேட்டுக்கொண்டு டம்ளரைக் கையில் வைத்திருக்க முடியவில்லை. கீழே வைத்தாள்.

"அவரு கை தவறலண்ணே," என்றாள். "நாந்தான் அத நிப்பாட்டி வச்சேன்."

கிளியம்மாள் அடுப்பிலிருந்து திரும்பினாள். "இன்னாத்த நிப்பாட்டினே?"

தங்கமாரி எல்லாவற்றையும் சொன்னாள். எட்டு மீட்டர், பெயின்ட் மினுக்கம், விருந்தாளிகள் சிரித்தது, பூஜ்யம், கார்டு. அழுதுகொண்டு சொல்லவில்லை. வேலை சம்பந்தமாக மேலதிகாரியிடம் விவரம் சொல்வது மாதிரி வரிசையாகச் சொன்னாள், அப்படித்தான் வந்தது. முடித்தபோது நிலா துணியைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

கோபால் எழுந்து வாசலுக்குப் போனார். தெருவில் பொதுக் குழாய் இருந்தது. அதைக் காட்டினார்.

"நீ நிறுத்தாம வுட்டிருந்தா, அது எங்க நின்னிருக்கும்? அந்தக் கொழாயாண்டயா?"

அவள் கண்ணால் அளந்தாள். குழாய் ஆறு மீட்டர் இருக்கும்.

"இன்னும் கொஞ்சம் தள்ளிண்ணே. அந்த சைக்கிள் நிக்கி பாருங்க, அங்க."

அவர் சைக்கிளையே பார்த்துக்கொண்டு நின்றார். அது எவ்வளவு தூரம் என்று அவருக்குத் தெரியாது. அதனால்தான் அவளிடம் கேட்டார்.

கிளியம்மாள் கத்தவில்லை. கிட்டே வந்து நின்று கேட்டாள்.

"தெரிஞ்சிக்கினேவா மூணு மாசமா எங்க வூட்ல கை நனைச்சே?"

"ஆமாக்கா."

"எயுந்துரு. இனிமே இந்த வாசப்படி ஏறாத."

அடுத்த வாரம் தங்கமாரி விளாத்திகுளத்துக்குப் பஸ் ஏறினாள். பிச்சையா அவன் மாமாவின் அரிசி மில்லில் மூட்டைக்கு நம்பர் போட்டுக்கொண்டிருந்தான். கேஸ் இருக்கிறது என்று அவனுக்குப் பேசியிருந்த சம்பந்தம் நின்றுபோயிருந்தது. மில்லுக்கு வெளியே வேலியோரம் நின்று அவள் சொல்லச் சொல்ல அவன் குறுக்கே பேசவில்லை. வலது கைக் கட்டைவிரலை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தான்.

"இந்த வெரல எத்தன நாள் பாத்துக்கிட்டே உக்காந்துருக்கேன் தெரியுமா?" என்றான் கடைசியில். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா பைக்க எடுத்துட்டுப் போயி நானே அந்த டவரடில நின்னுருப்பேம்லா. பத்து நிமிசம்."

அவள் மன்னிப்புக் கேட்டாள். அவன் மில்லைத் திரும்பிப் பார்த்தான்.

"நீ இப்பம் போ, தங்கம். மூட்டைக்கு நம்பர் போடணும்."

ஒரகடம் திரும்பியதும் ராமன் சாரின் மேஜையில் கார்டை வைத்தாள். இன்று ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக்கொடுக்கப் போகிறேன் என்று சொன்னாள். அவர் கார்டைத் தொடவில்லை.

"அதை ஆஃப் பண்ணச் சொல்லி நான் சொன்னேனா?"

"நீங்க சொல்லல சார். நிக்கக் கூடாதுன்னு மட்டும் சொன்னீங்க."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கார்டு உடையவில்லை என்று அன்றைக்கே தெரியும் என்றார். விழுந்த மெஷினை முதலில் கையில் எடுத்துப் பார்த்தது தான்தான், கார்டு முழுசாக இருந்தது என்றார். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இத்தனை நாளும் ஒரே பொய்யை இரண்டு பேரும் தனித்தனியாகச் சுமந்திருக்கிறார்கள். அதில் அவளுக்கு ஆறுதல் ஏதும் கிடைக்கவில்லை.

ஸ்டேஷனில் அவள் சொன்னதைப் புரிந்துகொள்ளவே அவர்களுக்கு இரண்டு நாள் ஆயிற்று. கார்டில் இருந்ததை அச்செடுத்து, ஒவ்வொரு வரிக்கும் தமிழில் அர்த்தம் எழுதிக் கொடுத்தாள். கேஸில் பிச்சையாவின் பெயர் போய் அவள் பெயரும் ராமன் சாரின் பெயரும் வந்தன. வடநாட்டுக் கம்பெனி விபத்து நடந்தபோதே விலகிவிட்டது. ஐப்பசி பிறக்கும் முன் ஆளில்லா விமானங்களைத் தனியார் பறக்கவிடக் கூடாது என்று அரசாங்க அறிவிப்பும் வந்தது. ஷெட்டைக் காலி செய்தார்கள். தங்கமாரி மறுபடி ஒரு ஃபேக்டரியில் டெஸ்டிங் லைனில் சேர்ந்தாள். கார்களுக்கு ஒயர் கட்டுகிற இடம். அங்கே ஒயருக்குக் கரண்ட் போகிறதா இல்லையா என்று மட்டும் பார்த்தால் போதும்.

2015 ஆவணியில் தீர்ப்பு வந்தது. அவள் முதல் நாளிலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தாள். விசாரணையின்போது கோபால் சாட்சிக் கூண்டில் ஏறி நடந்ததைச் சொன்னார். இப்போது அவர் கம்பெனிகளின் காம்பவுண்டுச் சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறார், ஏணி ஏறுவதில்லை. யார் மேலாவது குற்றம் சொல்கிறீர்களா என்று வக்கீல் கேட்டபோது, அந்தப் பெண்ணாகவே வந்து சொன்னாள் என்று மட்டும் சொன்னார். தீர்ப்பு நாளன்று கிளியம்மாள் சுவரோரம் மகளோடு உட்கார்ந்திருந்தாள். தங்கமாரி இருந்த பக்கம் அவள் திரும்பவில்லை.

நஷ்டஈடு ராமன் சார் கொடுக்க வேண்டும் என்றார்கள். தங்கமாரிக்கு அபராதமும், கோர்ட் கலையும்வரை அங்கேயே இருக்க வேண்டும் என்ற தண்டனையும். அவ்வளவுதானா என்று அவள் வக்கீலிடம் கேட்டாள். அவர் சந்தோஷப்படச் சொன்னார்.

மரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கோபால் குடும்பம் மத்தியானமே போய்விட்டது. பாகப்பிரிவினை, செக் மோசடி, லாரி விபத்து என்று வேறு வேறு கேஸ்கள் வந்து போயின. ஐந்தே காலுக்கு நீதிபதி எழுந்து போனார். போகலாம்மா என்று ஊழியர் சொன்னார். அவள் எழுந்திருக்கவில்லை. மறுபடி ஒருமுறை சொன்ன பிறகு எழுந்தாள்.

ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்தில் பிச்சையா நின்றிருந்தான். விசாரணையில் சாட்சி சொன்னவன், தீர்ப்பைக் கேட்க வந்திருந்தான். வல்லத்தில் ஒரு குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான் என்று காலையில் யாரோ சொன்னார்கள். அவளைப் பார்த்துத் தலையசைத்தான். அவளும் அசைத்தாள். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் ஏறினார்கள். பாதி பஸ் காலியாகத்தான் இருந்தது. அவள் முன்னால் ஜன்னலோரம் உட்கார்ந்து பக்கத்து இடத்தில் வைத்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவன் அந்த இடத்தைத் தாண்டிப் பின்னால் போய் உட்கார்ந்தான்.